பசின்னு சொல்லிடு

ஈரத் துண்டு தேடித்தான், நான் தூக்கி வந்த வெளிநாட்டுப் பயணி வில்லெமின் கோல்ஃப் பையைத் திறந்தேன். பதினாறாவது குழி, வெயில் மண்டையைப் பிளந்தது. கையில் அகப்பட்டது ஹோட்டலில் கட்டிக்கொடுத்த பொட்டலம். பிரிக்கவே வேண்டாம், வாடையே சொல்லிவிட்டது. ரொட்டிக்கு நடுவே பன்றிக்கறி. ஆட்டம் முடிந்ததும் வில்லெமோடு வந்த கும்பலும் அவர்கள் பைகளும் வேனில் ஏறும். வேன் நேராகப் போப்பா மலைக்குப் போகும். ஓட்டுகிறவன் என் தம்பி ஸோ லின்.

போப்பாவுக்கு யாரும் பன்றிக்கறியோடு போவதில்லை. மலையில் குடியிருக்கும் தேவதைகளுக்கு அது ஆகாது. எங்கள் அப்பாவின் பிக்கப் அந்தச் சாலையின் மூன்றாவது வளைவில்தான் உருண்டது. எவனோ ஒரு பயணி கூடையில் ஒளித்து வைத்திருந்த பன்றிக்கறி ரோடெல்லாம் சிதறிக் கிடந்ததை அம்மா தன் கண்ணால் பார்த்தாள். அதற்குமேல் நான் என்ன யோசிப்பது? வில்லெம் குனிந்து பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டலத்தை வேலிக்கு அந்தப்பக்கம் எறிந்தேன். இரண்டு நாய்கள் ஓடி வந்தன.

அவர் கெட்ட மனிதர் இல்லை. மீ சான் என்ற என் பெயரைச் சரியாகச் சொல்லக் காலையிலிருந்து படாத பாடு பட்டார். பந்து எந்தப் பக்கம் உருளும் என்று நான் காட்டினால் மறுபேச்சில்லாமல் கேட்டார். ஆனால் ஆட்டம் முடிந்து பசியோடு பையைத் துழாவியபோது முகம் மாறிவிட்டது. பையின் அதே அறையில்தான் பாஸ்போர்ட்டும் இருந்ததாம். அது பத்திரமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒருத்தி கை விட்டிருக்கிறாளே!

கோல்ஃப் மைதான மேலாளர் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

“என்னடி பண்ணித் தொலைச்ச? வெளிநாட்டுக்காரங்களுக்கு நாடு இப்பத்தான் தொறந்திருக்கு. வந்த மொத கும்பலே திருட்டுன்னு எழுதிட்டுப் போனா அப்புறம் எவன் வருவான்?”

“பன்னிக்கறி சார். போப்பாவுக்குப் போற வண்டி.”

தன் காரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கார் கண்ணாடியிலும்தான் தேவதைகளுக்கான சிவப்பு, வெள்ளைத் துணி தொங்குகிறது.

“நீ செஞ்சது சரிதான்,” என்றார், குரல் தணிந்து. “ஆனா இத அவங்ககிட்ட எப்படிச் சொல்ல? சிரிப்பாங்க. பேசாம பசின்னு சொல்லிடு. பசிச்சுது, எடுத்துத் தின்னுட்டேன்னு. அது அவங்களுக்குப் புரியும்.”

“திருடித் தின்னேன்னு சொல்லணுமா?”

“வேலை வேணுமா, வேணாமா?”

உடம்பெல்லாம் எரிந்தது. காலையில் மீன்சாறு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு வந்தவள் நான்! ஆனாலும் எல்லோர் முன்னாலும் நின்று வயிற்றில் கை வைத்து, தெரிந்த ஆங்கிலத்தில் பசி என்றேன். கூட வேலை செய்யும் பெண்கள் தலை குனிந்துகொண்டார்கள். வேனில் உட்கார்ந்திருந்த ஸோ லின் கண்ணாடி வழியாக என்னையே பார்த்தான்.

வில்லெமின் கண் கலங்கிவிட்டது. மேலாளரிடம் ஏதோ சொன்னார்.

“என்ன சார் சொல்றாரு?”

“கேட்டிருந்தா அவரே குடுத்திருப்பாராம்.” மேலாளர் வேனைத் திரும்பிப் பார்த்தார். “ஆறு பேருக்கும் ஆளுக்கொரு பொட்டலம் இருக்காம்.”

வில்லெமின் மனைவி தன்னுடையதை எடுத்து என் கையில் வைத்தாள். அதே வாடை. இன்னும் நான்கு வேனுக்குள். ஸோ லினிடம் சொன்னால் வண்டியை எடுக்கமாட்டான், வேலை போய்விடும். எடுத்தாலும் அந்த வளைவில் கை நடுங்கும்.

மறுபடி கையை நீட்டினேன். “இன்னும்,” என்றேன். “பசி.”

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி கொடுத்தாள். வெட்கத்தை விட்டு அடுத்தவரிடம் போனேன். அவரும் கொடுத்தார். பிறகு இன்னொருவர். கடைசி ஆள், உயரமானவர், சிரித்தபடி மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு வேன் கதவைச் சாத்திக்கொண்டார். வண்டி நகர்ந்தது. வாசல் ஆலமரத் தேவதைக்கு ஸோ லின் வழக்கம்போல் மூன்று முறை ஹாரன் அடித்தான்.

நான்கு பொட்டலங்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு கையை நீட்டியபடி, வண்டியின் பின்னாலேயே பசி பசி என்று கத்திக்கொண்டு ஓடினேன். பின் கண்ணாடியில் அந்த உயரமானவர் திரும்பி உட்கார்ந்து, கேமராவைக் கண்ணுக்கு நேராகத் தூக்கினார்.