புறத்தே தாழிட்ட இல்லங்கள்

வடக்கே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் கருமுகிலோடு கலந்து நிற்க, கிழக்கே கடல் இரைய, நடுவே சாம்பல் படிந்த நீரைச் சுமந்து கிடக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில், ஐப்பசித் திங்களின் பிற்பகலொன்று பொழுது சாயுமுன்னரே இருண்டுவிட்டது. அலையாத்திப் புதர்களுக்கு அப்பால், தாழ்ந்த திட்டொன்றில், வெள்ளையர் கட்டிக் கைவிட்ட எட்டு இல்லங்கள் நிரையாக நிற்பதைப் படகில் செல்வோர் காணலாம். கரையேறத் துணிவு வேண்டும். கப்பலில் கொள்ளைநோயோடு வந்த கூலிமக்களை அடைத்துவைக்க எழுந்த குடியிருப்பு அது. நோயர் வெளியேறாதிருக்கத் தாழ்கள் யாவும் புறத்தே அமைந்தன. உட்புறம் பிடித்திழுக்க ஒரு வளையமும் இல்லை. அங்கு மாண்டோர் இன்றும் பெயர் சொல்லி அழைப்பர் என்றும், ஏனென்று மறுகுரல் கொடுத்தவன் வீடு திரும்பான் என்றும் மீனவர் நம்பினர்.

அவ்வில்லங்களுள் ஒன்றில்தான், சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்க வந்த சில்வியா பெருமழைக்கு ஒதுங்கினாள். காற்று கதவை அறைந்தது. புறத்தே இரும்புத் தாழ் தானே விழுந்து பூட்டிக்கொண்டது. இடித்தாள், தோளால் மோதினாள், நகம் பெயரக் கீறினாள்; கதவு அசையவில்லை. ஓதநீரோ கணுக்காலைக் கடந்து இடுப்புக்கு ஏறியது. அந்நேரம், கம்பியிட்ட சாளரத்தின் வழியே, மீன்பிடித்துத் திரும்பும் தன் கணவனின் படகைக் கண்டு, "இக்னேஷியசு!" என்று கதறினாள். அவள் அங்கிருப்பதை அறியாத அவனோ, நெஞ்சில் சிலுவை வரைந்து, தலை குனிந்து, முன்னிலும் விரைந்து துடுப்பு வலித்தான்.

ஐயோ, அழ அழ அவன் அகல்வான் என்பதை அவள் உணர்ந்தாள். ஆகவே அழுகையை விழுங்கி, வீட்டில் நாள்தோறும் செய்வதையே செய்தாள், வாயார ஏசினாள்.

"யோவ்! பேயும் இல்ல, பிசாசும் இல்ல! காலைல நண்டுக் கொயம்புல உப்பு இல்லன்னு தட்டத் தள்ளிட்டுப் போனியே, அந்தப் பொண்டாட்டிதான்யா கத்திகினு கீறேன்! வந்து கதவத் தொற!"

துடுப்பு நின்றது. எந்தப் பேய்க்கு உப்பின் கணக்குத் தெரியும்? படகு திரும்பியது, தாழ் விலகியது, மார்பளவு நீரிலிருந்து மனைவியை வாரியெடுத்த இக்னேஷியஸ், "இன்னாமே, நீயா? நீயா?" என்று கேட்டுக் கேட்டு அழுதான். அவளும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

திடுமென அவன் அழுகை நின்றது, முகம் வெளிறியது.

"சில்வியா... போன வாரமும் ஒரு ஆம்பளக் கொரலு கேட்டுச்சுமே. 'அண்ணே, அண்ணே'ன்னு. சிலுவ போட்டுகினு வந்துட்டேன்."

நிரையிலிருந்த ஏனைய ஏழு இல்லங்களையும் இருவரும் நோக்கினர். அவற்றுள் மூன்றின் கதவுகள் சாத்தியிருந்தன. மார்பளவு நீரில் கைகோத்து முதற்கதவை நெருங்கினர். இறந்தோர் அழைப்பர் என்று அஞ்சியே இதுகாறும் அக்கரையை நில்லாது கடந்தவன், இன்று, உள்ளிருந்து எவரும் அழைக்கவில்லையே என்று நடுங்கியபடி தாழின்மேல் கை வைத்தான்.