கேட்காமல் எடுத்த உயிர்

மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்ணும் கூடப் போகிற வழக்கம் எங்களில் இல்லை. நான் போனேன். "நான் குடியிருக்கப்போற வீடு, நீங்க பார்த்துட்டு வந்து கதை சொல்றதுக்கு அது என்ன சினிமாவா?" என்று கேட்டதும் அப்பா வாயை மூடிக்கொண்டார். அம்மா மட்டும் லோத்குண்டாவிலிருந்து மல்காஜ்கிரி வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். வழியில் கன்டோன்மென்ட் ரோட்டில் ராணுவக்காரர்கள் கேட்டை மூடியிருந்ததால் சுற்றிப் போக வேண்டியிருந்தது. முணுமுணுப்பும் அந்த அளவுக்கு நீண்டது.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். போன வாரம் மாப்பிள்ளை ஆதர்ஷ் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது நான் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வேலைக்குப் போவேன் என்றேன், சரி. சமையல் வராது என்றேன், அதற்கும் சரி. இதற்கு முன் நிச்சயதார்த்தம் வரை வந்த ஒருவனும் இப்படித்தான் பூம்பூம் மாடாக ஆட்டினான். நான் எப்போது வேலையை விடுவது என்பதுகூட அவன் வீட்டில் முடிவாகியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. பேகம்பேட்டில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் க்ளெய்ம் சரிபார்க்கிறேன். குறையே இல்லாத விண்ணப்பம் வந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். இந்தத் தலையாட்டலுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறாரா, இருந்தால் எப்படிப்பட்டவர்? அன்றைக்கே சம்மதமா இல்லையா என்று நான் சொல்லியாக வேண்டும்.

காபி முடிந்ததும் ஆதர்ஷின் அம்மா சாவித்ரி மாமி, "ரெண்டு பேரும் உள்ள போய்ப் பேசிண்டிருங்கோ" என்றார். துணைக்கு ஆதர்ஷின் தங்கை தேஜஸ்வினியும் வந்தாள், கல்லூரியில் படிக்கிற பெண். உள்ளே போய் மூவரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். டிவி ஸ்டாண்டில் வீடியோ கேம் கன்ட்ரோலர்கள் கிடந்தன.

"அது என்ன கேம்?" என்று கேட்டேன். ஒப்புக்குக் கேட்கவில்லை. நான் ஆடியிருந்த ஒரே கேம் பழைய போனில் ஓடும் பாம்புதான்.

ஆதர்ஷ் முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. டிவியைப் போட்டார். அந்தரத்தில் ஒரு மேடை தொங்கியது. கவசம் போட்ட தவளை நான், சிவப்புக் கொக்கு அவர். அடித்துச் சாகடிக்க வேண்டாம், மேடையை விட்டு வெளியே தள்ளினால் போதும். அடி வாங்க வாங்கக் கீழே சதவீதம் ஏறும். ஏற ஏற, அடுத்த அடியில் இன்னும் தூரம் பறப்போம்.

"நூறு ஆனா செத்துருவேனா?"

"இல்ல. இருநூறு ஆனாலும் மேடைக்குத் திரும்பி வந்துட்டா ஆட்டம் உண்டு."

இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இதை ஏன் இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை?

முதல் ஆட்டத்தில் நான் ஜெயித்தேன். எந்தப் பொத்தான் எதற்கு என்றே தெரியாமல் ஜெயித்தேன். கொக்கு மேடை ஓரத்தில் பஸ்ஸுக்கு நிற்பது போல நின்றுகொண்டிருந்தது. தவளை போய் இடித்தது, கொக்கு விழுந்துவிட்டது.

"வேணும்னே தோத்தீங்களா?"

அவர் தங்கையைப் பார்த்தார். "அம்மாதான் சொன்னா அக்கா," என்று அவள் போட்டு உடைத்தாள். "பொண்ணு எது சொன்னாலும் விட்டுக்கொடுத்துப் போடான்னு."

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. "அப்ப அன்னிக்குத் தலையாட்டினதும் அம்மா சொல்லித்தானா?" அவர் காது சிவந்தது. "ஒழுங்கா ஆடறதுன்னா ஆடுங்க. இல்லேன்னா நான் ஹாலுக்குப் போறேன்."

ஆடினார். ஒரு நிமிஷத்தில் தவளை மூன்று முறை வானத்தில் போய் மறைந்தது. எனக்குக் கோபம் போய் ஆச்சரியம் வந்துவிட்டது. எப்படி அடித்தார், நான் ஏன் பக்கவாட்டில் பறந்தேன், அவர் மட்டும் எப்படித் திரும்பி வருகிறார்? கேட்கக் கேட்கச் சொன்னார். அந்தரத்திலும் இரண்டாம் தடவை குதிக்கலாம். அதை அவசரப்பட்டுத் தீர்த்துவிட்டால் பாதாளம்தான். மேடை விளிம்பைக் கையால் பிடித்துத் தொங்கவும் முடியும். முதல்முறை விளிம்பைப் பிடித்தபோது நான் கத்திய கத்தலில் தேஜஸ்வினி கைதட்டினாள்.

பிறகு ஜோடி ஆட்டம். நானும் அவரும் ஒரு கட்சி. தேஜஸ்வினியும் கம்ப்யூட்டரும் எதிர்க்கட்சி. ஆளுக்கு மூன்று உயிர். கம்ப்யூட்டரை அவர் சீக்கிரமே தீர்த்துக்கட்டினார். என் மூன்று உயிரும் அதைவிடச் சீக்கிரம் போயிருந்தன. அவரிடம் இரண்டு இருந்தது, தங்கையிடம் ஒன்று. சும்மா இருக்கிற கையா என் கை? ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்தேன். திடீரென்று என் தவளை மேடையில் வந்து நின்றது.

"அரே! அண்ணா, உன் லைஃபை எடுத்துண்டுட்டா!" என்று தேஜஸ்வினி துள்ளினாள். நம் உயிர் தீர்ந்துபோனால் கூட்டாளியிடம் மிச்சமிருப்பதை ஒரே அமுக்கில் எடுத்துக்கொள்ளலாமாம். அவருடைய அனுமதியெல்லாம் வேண்டாமாம்.

"எதுக்கு எடுத்தீங்க?" ஆதர்ஷ் குரல் அறை முழுக்க அதிர்ந்தது. "நான் ஜெயிச்சிண்டிருந்தேன்! ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுக்கக் கூடாதா?"

ஹாலில் பேச்சு நின்றது.

"தெரியாம அமுக்கிட்டேன்."

"தெரியலேன்னா கேக்கணும்!"

நாங்கள் சண்டை போட்ட இடைவெளியில் தேஜஸ்வினி கொக்கை அடித்து வெளியே அனுப்பிவிட்டாள். இப்போது எங்கள் கட்சியில் நான் மட்டும். என் கையிலிருந்து கன்ட்ரோலரைப் பிடுங்குவார் என்று எதிர்பார்த்தேன். தன்னுடையதைக் கட்டிலில் போட்டுவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு திரையை முறைத்தார். "குதி! இப்ப வேண்டாம், இப்ப வேண்டாம்... ஐயோ, குதி!" மரியாதையெல்லாம் எங்கோ பறந்திருந்தது. நான் அவசரப்பட்டு இரண்டாம் குதியையும் குதித்து, நேராகப் பாதாளத்தில் விழுந்தேன்.

"கோபமா?" என்று கேட்டேன்.

"ஆமா."

"இன்னும் இருக்கா?"

யோசித்தார். "கொஞ்சம் இருக்கு."

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஹாலுக்கு வந்தபோது சாவித்ரி மாமி முகம் வெளுத்திருந்தது. "சத்தம் கேட்டுதேம்மா. தப்பா எடுத்துக்காதே, எங்காத்துப் பிள்ளைக்குக் கோபமே வராது."

"வந்தது மாமி. நன்னாவே வந்தது," என்றேன். பிறகு, யாரும் கேட்பதற்கு முன்பே, அப்பாவைப் பார்த்துச் சொன்னேன்: "எனக்குச் சம்மதம்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். மாமிக்கோ கண் கலங்கிவிட்டது. "அப்பறம் என்ன? அவனுக்கும் சம்மதம்தான்," என்று ஸ்வீட் தட்டை எடுத்தார்.

"இரும்மா," என்றார் ஆதர்ஷ். "எனக்கு ரெண்டு நாள் வேணும். யோசிச்சுத்தான் சொல்லணும்."

தட்டு பாதியிலேயே நின்றது. என் முகம் தீயாகச் சுட்டது. இத்தனை பேர் நடுவில் அவமானம்தான், எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் அவர் தன் அம்மா பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். இவர் சரி என்று சொன்னால் அது சரிதான், இல்லை என்றாலும் இல்லைதான். அதைத் தெரிந்துகொள்ளத்தானே கூட வந்தேன்?

"யோசிச்சுச் சொல்லுங்க," என்றேன். அவர் தலையாட்டவில்லை.