சம்பந்தி வீட்டுப் பஞ்சில் தலைப்பெருநாள் சீர்

ஷவ்கியைக் கஞ்சன் என்று எகிப்தின் தும்யாத் நகரத்தில் யாரும் சொன்னதில்லை. ஊர் மொத்தத்தையுமே கை இறுகியவர்கள் என்று கெய்ரோக்காரர்கள் சொல்லிச் சிரிக்கும்போது, அதில் ஒருவரை மட்டும் பிரித்துச் சொல்வது நியாயமாக இருக்காது. சிக்கனம் என்ற சொல்கூட அவருக்குப் பிடிக்காது. "கையில இருக்கிறதை முதல்ல பாரு. கடைக்கு அப்புறம் போகலாம்" என்பார். அப்புறம் என்பது பெரும்பாலும் வருவதில்லை.

மெத்தையும் சோபாவும் தைப்பது அவர் தொழில். ஒரு நீதிபதி வீட்டுச் சோபாவுக்கு உறை தைத்த வருஷம், மிஞ்சிய பச்சை வெல்வெட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் பெருநாள் சட்டை தைத்தார். வாழ்த்துச் சொல்ல அதே நீதிபதி வீட்டுக்குப் போனபோது, சோபாவில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மனைவி இன்ஸாஃபுக்கு ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒரு தலையணை. பதினெட்டாவது தலையணை வந்த வருஷம், தனக்கு இருப்பது ஒரு தலைதான் என்று அவள் நினைவூட்டிப் பார்த்தாள். அடுத்த வருஷம் கால் வைத்துக்கொள்ள ஒன்று வந்தது.

வீட்டுக்குள் நடக்கும்வரை இதெல்லாம் வேடிக்கைதான். மூத்தவள் ரீஹாம் கல்யாணமாகிப் போன பிறகு வந்த முதல் நோன்புப் பெருநாளில்தான் வேடிக்கை நின்றது. தலைப்பெருநாளுக்குப் பெண் வீட்டுச் சீர் போக வேண்டும். வாத்து, கஹ்க் பிஸ்கட், முஷப்பக் இனிப்பு, பழம் எல்லாம் தட்டுத் தட்டாக, தெருவே எண்ணிப் பார்க்கும்படி போக வேண்டும். மூடிக்கொண்டு போகிற சீர் சீரே இல்லை.

அதிலும் போய்ச் சேர வேண்டிய இடம் ஸர்வத் பே வீடு. மன்னரோடு சேர்த்து நாடு கைவிட்ட 'பே' என்ற பட்டத்தை, அநாதையாக விடக்கூடாதென்று ஸர்வத் தானே எடுத்து வளர்த்துவந்தார். மூன்று மாடி பர்னிச்சர் கடை வைத்திருந்தார். தும்யாத்தில் செய்த கட்டிலுக்கு இத்தாலியப் பெயர் வைத்து, தும்யாத்துக்காரர்களுக்கே விற்கும் திறமை அவருக்கு இருந்தது. அவருடைய மூத்த மருமகளின் அப்பா மீன் பண்ணைக்காரர். முந்தைய வருஷம் இரண்டு வண்டி நிறையச் சீர் அனுப்பி, ஹாரன் அடித்துக்கொண்டே தெருவைச் சுற்ற வைத்தவர். இந்த வருஷம் மூன்று வண்டி என்று பேச்சு.

ரீஹாம் டெலிபோனில் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருக்கலாம். மாமனார் நோன்பு திறக்கும்போது, "சின்ன சம்பந்தியிடம் நாம் ஒன்றும் எதிர்பார்க்கக் கூடாது" என்று தினமும் பெருந்தன்மையாகச் சொல்வதாகவும், சொல்லிவிட்டு எல்லோர் முகத்தையும் பார்ப்பதாகவும், ஓரகத்தி அப்போதெல்லாம் தன் தட்டைப் பார்த்துச் சிரிப்பதாகவும் சொன்னாள்.

"பாபா, பெருசா எதுவும் வேண்டாம். ஆனா நான் அந்த வீட்டுல தலை நிமிர்ந்து நடக்கணும்."

இன்ஸாஃப் கையிலிருந்த வளையலைக் கழற்றி மேசையில் வைத்தாள். ஷவ்கி அதைப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் மாமியார் எப்படி இருக்கிறார் என்று மகளிடம் கேட்டார். மாமி தௌலத் ராத்திரி தூங்குவதே இல்லை, இடுப்புவலி என்றாள் ரீஹாம். அவருடைய கல்யாணப் பஞ்சு மெத்தையை மாமனார் மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டு, கடையில் விலைபோகாத ஸ்பிரிங் மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். நாலு வருஷமாகிறது.

"வளையலை மாட்டிக்க" என்று மனைவியிடம் சொன்னார் ஷவ்கி. "சீர்ல பாதி அவங்க வீட்டு மொட்டைமாடியிலயே இருக்கு."

அவள் மாட்டிக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து அவருடன் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, காலை பத்து மணிக்கு ஷவ்கி ஸர்வத் பே வீட்டு வாசலில் மூன்று சக்கர வண்டியை நிறுத்தினார். பஞ்சு அடிக்கும் வில், மரச் சுத்தி, ஊசி நூல், தடிக் கம்பு ஒன்று, அதிகாரிகள் கிளப்புத் திரைச்சீலையில் மிஞ்சிய தங்க நிற சாட்டின் துணி. சீர் அவ்வளவுதான்.

மாடியிலிருந்து எட்டிப் பார்த்த ரீஹாமுக்கு முகம் செத்துப்போனது. பக்கத்தில் நின்ற ஓரகத்தி, தட்டுகள் பின்னால் வருகின்றனவா என்று அக்கறையோடு விசாரித்தாள். ரீஹாம் உள்ளே போய்விட்டாள். அதைக் கீழே இருந்து பார்த்த ஷவ்கிக்கு, வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு வாத்தாவது வாங்கியிருக்கலாமோ என்று தோன்றியது.

தௌலத் மட்டும் எதையும் விசாரிக்கவில்லை. விஷயத்தைக் கேட்டதும் மொட்டைமாடிச் சாவியை எடுத்துக்கொண்டு, இடுப்புவலியோடு தானே படியேறினார்.

மெத்தையைப் பிரித்துப் பாயில் கொட்டினார் ஷவ்கி. நல்ல நீள இழைப் பஞ்சு, கட்டி தட்டிப்போய்க் கிடந்தது. வில்லை நாட்டி நாணில் சுத்தியால் தட்டியதும் தெரு முழுக்க அதிர்ந்தது. ஹாரன் அடிக்க மீன் பண்ணைக்காரருக்குப் பெட்ரோல் செலவு. இந்தச் சத்தத்துக்கு ஒரு செலவும் இல்லை. அவர் கணக்கு அந்த அளவோடு நின்றது. மிச்சத்தைத் தெரு பார்த்துக்கொண்டது.

வீட்டு வாசலில் பஞ்சு வில் பேசினால், அந்த ஊரில் ஒரே ஒரு அர்த்தம்தான்: அந்த வீட்டில் கல்யாணம். எதிர்வீட்டுப் பெண் முதல் குலவை விட்டாள். அடுத்த வீடு பதில் குலவை விட்டது. பெண்கள் இறங்கி வந்து, வழக்கப்படி பஞ்சின்மேல் மொய்க் காசு போட ஆரம்பித்தார்கள். வழக்கத்தை அவமதிக்க மனமில்லாமல் ஷவ்கி அதை எடுத்து வைத்துக்கொண்டார். அப்புறம்தான் யாரோ யோசித்தார்கள். பே வீட்டுப் பையன்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. பெண் பிள்ளைகள் கிடையாது. அப்படியானால் மாப்பிள்ளை யார்?

வீட்டில் மிச்சம் ஒரே ஒரு ஆண்தான் இருந்தார்.

செய்தி கடைத்தெருவுக்குப் போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆனது. போகிற வழியில் மணப்பெண்ணுக்கு வயது குறைந்துகொண்டே போனது. வீட்டு வாசலில் கிளம்பியபோது முப்பத்தைந்தாக இருந்தவள், ஸர்வத் பே காதுக்கு எட்டும்போது இருபத்திரண்டு. நாவிதர் ஒருவர் கடைக்குள்ளேயே வந்து, வாடிக்கையாளர்கள் முன்னால் அவரைக் கட்டிப்பிடித்து, நிக்காஹுக்கு முன் மீசைக்குச் சாயம் தன் செலவு என்று சொல்லிவிட்டுப் போனார்.

பே காரில் வந்து இறங்கியபோது தெரு நிரம்பியிருந்தது. குலவை இன்னும் ஓங்கியது.

"சம்பந்தி, இங்க யாருக்குக் கல்யாணம்?"

"யாருக்கும் இல்லையே."

"பின்ன ஏன்யா ஊரே என்னைக் கட்டிப்பிடிக்குது? முதல்ல அந்த வில்லைக் கீழ வைங்க."

"வச்சிடறேன்" என்றார் ஷவ்கி. "ஆனா நடுவுல நிறுத்தினா, பொண்ணு வீட்ல மாட்டேன்னுட்டாங்கன்னு பேசுவாங்க. பரவாயில்லையா?"

பே சுற்றிலும் பார்த்தார். கூட்டத்தில் பாதிப் பேர் அவர் கடையில் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்கள்.

"அப்ப யாருக்கு மெத்தைன்னு சொல்லித் தொலைங்க."

"உங்க வீட்டம்மாவுக்கு. ஏன், கடை மெத்தைக்கு என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. அதுக்கு நீங்களே பதில் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

ஸர்வத் பே வாயைத் திறந்தார். இத்தாலியப் பெயர்கள் எதுவும் உதவிக்கு வரவில்லை. பதில் முதல்மாடி பால்கனியிலிருந்து வந்தது.

"நான் சொல்றேன்" என்றார் தௌலத். "இவர் கடை மெத்தையில படுத்து நாலு வருஷமா என் இடுப்பு போச்சு. என் கல்யாண மெத்தையை எனக்குத் திருப்பித் தைச்சுத் தர்றாரு, என் சின்ன மருமகளோட அப்பா. அவ வீட்டுத் தலைப்பெருநாள் சீர் இது. ரெண்டாம் கல்யாணமெல்லாம் ஒண்ணும் இல்ல. இந்த ஆளுக்கு யாரு பொண்ணு தருவா?"

சொல்லிவிட்டு அவரே ஒரு குலவை விட்டார். தெரு சிரித்து ஓயச் சற்று நேரமாயிற்று. பே, காரில் எதையோ மறந்து வைத்தவர் மாதிரி திரும்பிப் போனார். கடைக்குப் போகவில்லை என்று பின்னால் தெரிந்தது. அங்கே இரண்டு பேர், வாங்கிய மெத்தையைத் தலையில் சுமந்துகொண்டு வந்து காத்திருந்தார்களாம்.

ரீஹாம் கீழே இறங்கி வந்தாள். அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, தங்க நிற உறையின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நோன்பு திறக்கும் பாங்கு கேட்பதற்குள், வெண்ணெய்க் கட்டி மாதிரி உப்பிய மெத்தையை நான்கு பேர் மாடிக்குத் தூக்கினார்கள். அதற்குள் தெருவில் ஏழு வீட்டுப் பெண்கள், தங்கள் பழைய மெத்தைகளுக்கு ஷவ்கியிடம் நாள் குறித்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டியை எடுக்கும் நேரத்தில் தௌலத் ஆள் விட்டு நிறுத்தினார். சம்பந்தியை வெறும் வண்டியோடு அனுப்பினால் தனக்கு மரியாதை இல்லை என்று, முந்தின நாளே வந்து இறங்கியிருந்த மீன் பண்ணைச் சீரிலிருந்து இரண்டு வாத்தும் மூன்று தட்டு கஹ்க்கும் ஏற்றிவிட்டார். மூத்த மருமகளைத்தான் தட்டுகளைத் தூக்கி வரச் சொன்னார்.

இன்ஸாஃப் கதவைத் திறந்து வண்டியைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

"சீர் கொண்டுபோன மனுஷன் சீரோட திரும்பி வர்றதை இப்பத்தான் பாக்குறேன்" என்றாள். வளையலை மாட்டிக்கொண்ட நாளுக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

பெருநாள் அன்று நடந்ததை ரீஹாம் டெலிபோனில் சொன்னாள். மாமி ஒரே தூக்கமாகத் தூங்கி, பெருநாள் தொழுகைக்கே எழுப்பிவிட வேண்டியிருந்ததாம். வாழ்த்துச் சொல்ல வந்த அத்தனை பேரையும் வரவேற்பறையில் உட்கார விடாமல் நேரே படுக்கையறைக்குக் கூட்டிப்போய், மெத்தையில் உட்கார வைத்து, "இது ரீஹாம் வீட்டுது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

ஸர்வத் பே எங்கே என்று கேட்டார் ஷவ்கி.

"வரவேற்பறையில, பாபா. மிச்சத் தட்டுங்களோட தனியா உக்காந்திருக்காரு." ரீஹாமின் குரலில் சிரிப்பு நிற்கவில்லை. "நான் போனை வைக்கணும். விருந்தாளிங்க வந்துட்டாங்க, மாமி என்னைத்தான் கூப்பிடுறாங்க."