மாஸ்டர் சொன்னதும் துரை கேட்டதும்

நாச்சிமுத்து மாஸ்டருக்கு வாய் சும்மா இருக்காது. கால்பந்தாட்டம் சொல்லிக் கொடுக்க மாதச் சம்பளத்துக்கு ஆள் வைப்பார்கள் என்பதே அந்த 1937ஆம் வருஷத்தில் சேலத்துப் பக்கம் யாரும் கேள்விப்படாத சங்கதி. ஆட்டையாம்பட்டி சாலையில் இருந்த நூல் மில்லின் மானேஜர் பிரவுன் துரைக்குப் பந்தாட்டப் பைத்தியம், வைத்தார். வந்த ஆளோ முதல் நாளே மில் மைதானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, துரையின் முகத்துக்கு நேராக, இது மைதானமில்லை, நெருஞ்சிக் காடு, எருமை மேய்க்கக்கூட லாயக்கில்லை என்றார்.

பக்கத்தில் நின்ற குமாஸ்தா ராசப்பன் துரையின் முகத்தைப் பார்த்தான். மாஸ்டரைப் பற்றித் துரையிடம் ஆகா ஓகோவென்று சொல்லி, கோலார் தங்கவயலுக்கே போய்க் கூட்டி வந்தவன் அவன்தான். துரைக்குத் தமிழ் வராது. மாஸ்டர் எருமப்பட்டிக்காரர், முதல் உலகச் சண்டையில் பட்டாளத்தோடு பஸ்ரா வரை போனவர். அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்களோடு ஆடிப் பந்தைக் கற்றுக்கொண்டார். கூடவே கற்ற நாலு இங்கிலீஷ் வார்த்தைகளும் சபையில் சொல்லக் கூடியவை அல்ல. ஆகவே இருவருக்கும் நடுவில் நின்று இவர் பேச்சை அவருக்கும் அவர் பேச்சை இவருக்கும் எடுத்துச் சொல்வது ராசப்பன் தலையில் விழுந்தது.

"மைதானத்தைக் கொஞ்சம் சுத்தம் செய்தால் உபகாரமாக இருக்கும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறார்" என்று அவன் இங்கிலீஷில் சொன்னான். துரை தலையை ஆட்டினார். மறுநாள் இருபது ஆட்கள் வந்து நெருஞ்சியை வேரோடு பிடுங்கிப் போட்டார்கள். மாஸ்டருக்கு ஏகத் திருப்தி. உள்ளதைச் சொன்னால் காரியம் நடக்கிறது பாருங்கள் என்று ராசப்பனிடமே பெருமையடித்தார்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. துரை ஆசையாக வரவழைத்துக் கொடுத்த பூட்ஸுகளைப் பார்த்து, இந்தச் சட்டியைக் காலில் மாட்டிக்கொண்டால் உழவுதான் ஓட்டலாம் என்றார் மாஸ்டர். விசேஷப் போட்டிகளுக்காகப் பத்திரமாக வைத்திருப்பார்களாம் என்று ராசப்பன் சொன்னான். துரை தன் சிநேகிதர் மகனைப் பின்வரிசையில் நிறுத்தச் சொன்னபோது, அவனைக் கொடிக்கம்பத்துக்குப் பதிலாக நிறுத்தலாம் என்றார் மாஸ்டர். பையன் இன்னும் தேற வேண்டும் என்று ராசப்பன் சொன்னான். துரை மாஸ்டரை அடக்கமான மனிதர் என்று நம்பினார். மாஸ்டர் துரையை, ஏச்சுக்குக் கோபப்படாத பெரிய மனுஷன் என்று நம்பினார். இரண்டையும் உண்டாக்கிய ராசப்பனுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. நாக்கில் தேன் தடவுவதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டுமே.

ஒரு தடவை அவன் மாஸ்டரிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தான், பெரியவர்களிடம் கொஞ்சம் பதனமாகப் பேசினால் என்ன என்று. மாஸ்டர் பந்துக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எனக்குச் சம்பளம் குடுக்கறதே உள்ளதச் சொல்றதுக்குத்தானுங்க தம்பி. இனிக்க இனிக்கப் பேசறதுக்கு வேற ஆளு வெச்சுக்கச் சொல்லுங்க."

வேறு ஆள் யார் என்று அவருக்குத் தெரியாது.

ஆட்டக்காரர்களையும் அவர் விட்டு வைக்கவில்லை. கோல் போட்டுவிட்டுக் குதிப்பவனைக் கூப்பிட்டு, நீ போடவில்லை, பந்து தானாக உன் காலில் பட்டுப் போனது என்பார். ஆனால் விடியற்காலையில் பதினோரு பேரையும் வரிசையாக உட்கார வைத்து, ஒவ்வொருவன் பாதத்தையும் மடியில் தூக்கி வைத்து முள் பார்ப்பார். வீங்கின கணுக்காலுக்கு அவரே பற்றுப் போடுவார். ஜாதி பார்க்கிற சிலருக்கு அது கூச்சமாக இருந்தது. காலுக்கு ஏதடா ஜாதி என்று அவர்களையும் திட்டினார்.

அந்த வருஷத்துக் கோப்பைப் போட்டியில் அரையிறுதி ஜெயித்த அன்றுதான் கஷ்டகாலம் பிடித்தது. துரை கொடுத்த தேநீர் விருந்தில் விருந்தாளிகள் மாஸ்டரைப் புகழ்ந்தார்கள். இவனுக ஆடி ஜெயிக்கவில்லை, எதிராளியின் கோல்கீப்பருக்கு மாலைக்கண் என்று மாஸ்டர் பதில் சொன்னார். வந்தவர்களில் சர்வே ஆபீசர் ஒருவருக்குத் தமிழ் தெரியும். அவர் விழுந்து விழுந்து சிரித்துத் துரையிடம் சொல்லிவிட்டார். துரையின் காது சிவந்தது. மறுநாள் ராசப்பனைக் கூப்பிட்டு, இறுதி ஆட்டத்துக்குக் கலெக்டர் வருகிறார், இன்னொரு தரம் இந்த மனுஷன் அவமரியாதையாகப் பேசினால் அவரும் போகலாம், அவரைக் கொண்டுவந்த நீயும் போகலாம் என்றார்.

அன்றிலிருந்து ராசப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி ராஜம்மாளுக்கு ஏழாவது மாதம். குடியிருப்பது மில் கொடுத்த வீடு. மாஸ்டர் வாயைத் திறக்கும் போதெல்லாம் அந்த வீட்டுக் கூரை ஆடுகிற மாதிரி இருந்தது அவனுக்கு. இறுதி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதுவரை மாஸ்டரும் துரையும் நேருக்கு நேர் சந்திக்காமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டான்.

வியாழக்கிழமை பயிற்சியில் சடையன் விழுந்தான். சடையன் மில்லில் பஞ்சு அறையில் வேலை செய்பவன். இருபத்திரண்டு வயது, போன தையில்தான் உண்ணாமலையைக் கட்டினான். மில் அணி போடும் கோலில் பாதி அவனுடையது. எழுந்து நடந்தான், சிரித்தான். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. மூன்று நாளும் அவன் வலது முட்டியைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். ஞாயிறு காலை ராசப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வாங்க போலாம். தொரைகிட்டப் பேசோணும்."

பங்களா வராந்தாவில் துரை காபி குடித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் கும்பிடுகூடப் போடவில்லை.

"சடையனோட முட்டி உள்ளார கிழிஞ்சு கெடக்குது. இப்படிக் கிழிஞ்சத நான் பட்டாளத்துல நாலு பேருக்குப் பாத்திருக்கறேன். இன்னைக்கு எறக்குனா ஆயுசுக்கும் நொண்டிதான். அவன எறக்க முடியாது. கோப்பை அத்தனை அவசரமுன்னா தொரையவே அரைக்கால் சட்டையோட எறங்கச் சொல்லுங்க."

துரை ராசப்பனைப் பார்த்தார். அந்தக் கடைசி வரி ராசப்பனின் காதில் இடி மாதிரி விழுந்தது. அதை வெட்ட வேண்டும், அது மட்டும் தெரிந்தது. வெட்டினான். பயத்தில் வெட்டுகிறவனுக்கு அளவு தெரியுமா? முடியாது என்று சொல்வதே அவமரியாதையாகி விடுமோ என்று அதையும் வெட்டினான். நொண்டி என்றால் கலெக்டர் வரும் நாளில் துரை எரிந்து விழுவாரே என்று அதையும் வெட்டினான். மிச்சம் இருந்ததைச் சொன்னான். "சடையனுக்கு முட்டியில் கொஞ்சம் வலியாம். முடிந்தால் ஓய்வு கொடுக்கலாம் என்று நினைக்கிறார். தங்கள் சித்தப்படி."

கொஞ்சம் வலிதானே, அப்படியானால் ஆடட்டும் என்று துரை சிரித்துக்கொண்டே சொன்னார். தானும் வாலிபத்தில் வலியோடு ஆடியவன்தான் என்றார்.

மாஸ்டர், துரை ஏன் சிரிக்கிறார் என்று கேட்டார்.  துரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், ஆனாலும் இறக்கித்தான் ஆக வேண்டும் என்று உத்தரவு போடுகிறார் என்றான் ராசப்பன். இரண்டு வருஷத்தில் அவன் சொன்னதெல்லாம் குறைத்துச் சொன்னது. முழுப் பொய் இதுதான் முதல் தடவை.

மாஸ்டர் துரையை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையை நல்லவேளையாக மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. இவனையும் நான் மனுஷனென்று நினைத்தேனே என்று முணுமுணுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

சாயங்காலம் சேலத்து மைதானத்தில் ஈரோட்டு அணியோடு ஆட்டம். கூட்டம் மரத்தின் மேலெல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தது. மாஸ்டர் சடையனிடம், நீ இறங்காதே, துரை சொன்னாலும் சரி, அவரைப் பெத்தவர் சொன்னாலும் சரி என்றார். சடையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தொரையே சொல்லிப் போட்டாருன்னா ஆடித்தானுங்க ஆகோணும். பொறவு மில்லுல நிக்க முடியுமுங்களா?"

மாஸ்டர் வாயில் வந்தபடி துரையைத் திட்டினார், மில்லைத் திட்டினார். திட்டிக்கொண்டே தரையில் மண்டியிட்டு, தன் தலைத்துண்டை நீளமாகக் கிழித்து அந்த முட்டியைச் சுற்றிக் கட்டினார். ராசப்பன் பக்கத்திலேயே நின்றிருந்தான். அங்கேயே, அப்போதே சொல்லியிருக்கலாம். துண்டின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தான்.

முதல் பாதி முழுக்க ராசப்பன் பந்தைப் பார்க்கவில்லை. முட்டியில் கட்டிய அந்த வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். சடையன் ஓடும்போது மூச்சைப் பிடித்தான், நிற்கும்போது விட்டான். யாராவது அவனை நெருங்கினால் கண்ணை மூடிக்கொண்டான். சடையன் ஒரு கோல் போட்டான். கூட்டம் எழுந்து கத்தியது. மாஸ்டர் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

இடைவேளையில் ராசப்பன் துரையிடம் போனான். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்றுதான் போனான். துரை அவன் தோளில் தட்டி, கலெக்டருக்கு அறிமுகம் செய்தார். எங்கள் குமாஸ்தா, எங்கள் மாஸ்டரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவர் இவர்தான் என்றார். கலெக்டர் கை நீட்டினார். கலெக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு எப்படிச் சொல்வது? இன்னும் அரை மணி நேரம்தானே, இதுவரை ஒன்றும் ஆகவில்லையே என்று மனசு சமாதானம் சொன்னது. அவன் திரும்பி வந்துவிட்டான். கோழை.

ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருந்தது. பக்கத்தில் யாருமே இல்லை, எவனும் இடிக்கவில்லை, தடுக்கவில்லை. சடையன் பந்தை இழுத்துக்கொண்டு இடது பக்கம் திரும்பினான். உடம்பு திரும்பியது, முட்டிக்குக் கீழே கால் திரும்பவில்லை. அவன் கத்தக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டான். மாஸ்டர் ஓடிய ஓட்டத்தை ராசப்பன் ஆயுசுக்கும் மறக்கப்போவதில்லை. ஐம்பது வயது மனிதர், வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் ஓடினார்.

மில் அணி ஒரு கோலில் ஜெயித்தது. ராத்திரி ஆஸ்பத்திரியில் டாக்டர், உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் இந்த முட்டி இனி மடங்காது என்றார். உண்ணாமலை ராசப்பனைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டாள். தொரைகிட்டச் சொல்லி வேலை போகாமப் பாத்துக்கங்க சாமி என்றாள். அவனுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

திங்கட்கிழமை காலை மாஸ்டர் துரையின் ஆபீசுக்குள் நேராக நுழைந்தார். ராசப்பன் பின்னால் ஓடினான். மாஸ்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தான். கத்தவில்லை.

"ஆயுசுக்கும் நொண்டியாப் போயிருவான்னு நான் சொன்னனே. தெரிஞ்சே எதுக்கு எறக்குனாருன்னு கேளுங்க."

துரையின் முகம் வாடியிருந்தது. அவரும் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தார். மாஸ்டர் என்ன சொல்கிறார், அவருக்கு என் வருத்தத்தைச் சொல், இப்படி ஆகும் என்று யாருக்குத் தெரியும் என்றார்.

இரண்டு பேரும் ராசப்பனைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டிய வாக்கியங்கள் தாமாகவே வரிசை கட்டி நின்றன. சடையனுக்கு மில் உதவி செய்ய வேண்டும் என்று மாஸ்டர் கேட்கிறார் என்று துரையிடம் சொல்லலாம். துரை மன்னிப்புக் கேட்கிறார் என்று மாஸ்டரிடம் சொல்லலாம். இரண்டும் இருவருக்கும் பொருந்தும். சடையனுக்கும் நல்லது, ராஜம்மாளுக்கும் நல்லது. ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அவன் வாயைத் திறந்தான். உண்ணாமலை கும்பிட்ட கை கண்ணில் நின்றது. முதலில் மாஸ்டர் பக்கம் திரும்பினான்.

"தொரை மேல தப்பில்லீங்க. நீங்க சொன்னத நான் அவருகிட்டச் சொல்லல. கொஞ்சம் வலின்னு மட்டுந்தான் சொன்னேன். உத்தரவுன்னு உங்ககிட்டச் சொன்னதும் பொய்யிங்க."

மாஸ்டர் அடிப்பார் என்று நினைத்தான். அடித்தால் தேவலை என்றிருந்தது. மாஸ்டர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கெட்ட வாயின்னு ஊரே சொல்லுது. என்ற வாயி எவன் காலையும் ஒடிச்சதில்லீங்க தம்பி." துரையின் பக்கம் கையைக் காட்டி, "இப்ப அதைய அவருகிட்டயும் சொல்லுங்க. நான் சொன்னது, நீங்க சொன்னது, ரெண்டையும்" என்றார்.

ராசப்பன் சொன்னான். சடையனின் முட்டியில் ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னான். குரல் இரண்டு இடத்தில் நின்றது. துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.  அவன் முடித்ததும் மெதுவாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"என்ன கேக்கறாரு?" என்றார் மாஸ்டர்.

"கொஞ்சம் வலின்னு சொன்னப்ப, நொண்டியாப் போயிருவான்னு எனக்குத் தெரியுமான்னு கேக்கறாருங்க."

 இருவரும் அவன் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

தெரியும் என்று ராசப்பன் முதலில் இங்கிலீஷிலும் பிறகு தமிழிலும் சொன்னான்.