அலெஜ்ட் வால்ட்டர்

கிரிம்ஸ்பி துறைமுகத்து மாலைப் பத்திரிகையில் வால்ட்டர் பிக்கர்ஸ்கில்லுக்கு அலெஜ்ட் வால்ட்டர் என்றுதான் பேர். ஒருத்தன் கத்தியால் குத்தினான் என்று நிருபர் எழுதினால், உதவி ஆசிரியரான இவர் நீலப் பென்சிலை எடுத்து, 'குத்தியதாகச் சொல்லப்படும்' என்று மாற்றுவார். இங்கிலீஷில் அந்தச் 'சொல்லப்படும்'தான் அலெஜ்ட். தீர்ப்பு வரும்வரை எந்தப் பாவிக்கும் அந்தச் சட்டையை மாட்டித்தான் பத்திரிகையில் ஏற்ற வேண்டும். அங்கே வழக்கமும் அது, சட்டமும் அது. கேன்டீன் டீயைக்கூட 'டீ என்று சொல்லப்படுவது' என்று அவர் முன்னால் வைத்துச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

மகள் ஹேசலின் தாடையை அவள் புருஷன் ஸ்டாப்ஸ் உடைத்தபோது அந்தச் சிரிப்பு நின்றது. மீன் பெட்டி தூக்கிக் காய்த்த கை அவனுக்கு. முதல் குத்திலேயே பல் தெறித்து விழுந்தது. விழுந்தவளைப் பூட்ஸ் காலால் மிதித்திருக்கிறான், படுபாவி. தாடையைக் கம்பியால் கட்டினார்கள். வாரக்கணக்கில் அவளுக்குக் குழாய் வைத்து சூப் கொடுத்தது வால்ட்டர்தான்.

வழக்கு விசாரணைக்கு வந்தது. குடித்துவிட்டுப் படியில் விழுந்தாயா என்று அவன் வக்கீல் காலை முழுக்கக் கேட்க, ஹேசல் அசையாமல் நின்று பதில் சொன்னாள். ஜூரி பன்னிரண்டு பேரும் அவள் பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்று கோர்ட் நிருபரே சொன்னான்.

இந்தச் செய்தியை வால்ட்டர் தொடவே கூடாது என்று தலைமை உதவி ஆசிரியர் டோரீன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆனால் மறுநாள் அது வந்த நேரம், அவள் கீழே அச்சுக்கூடத்தில் இருந்தாள். நிருபர் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தான்: 'மனைவியின் தாடையை உடைத்ததாகச் சொல்லப்படும்.' வால்ட்டருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யார் சொல்வது? நொறுங்கிய எலும்பு சொல்லவில்லையா? நீலப் பென்சிலால் அந்தச் சொல்லை அடித்தார். 'மனைவியின் தாடையை உடைத்தவன் கூண்டில்' என்று தலைப்பும் போட்டு அனுப்பினார். மனசு ஆறியது, உண்மைதான்.

மதியமே வந்துவிடும் முதல் பதிப்பைச் சாப்பாட்டு இடைவேளையில் ஜூரிக்காரர் ஒருவர் வாங்கிப் படித்தார். ஜூரி முடிவு செய்ய வேண்டியதைப் பத்திரிகையே முடிவு செய்துவிட்டது என்று அன்றைக்கே நீதிபதி ஜூரியைக் கலைத்துவிட்டார். வேறு ஜூரி, முதலிலிருந்து விசாரணை. அதுவரை ஸ்டாப்ஸுக்கு ஜாமீன். மனைவி பக்கம் போகக் கூடாது என்று ஒரு நிபந்தனை, அவ்வளவுதான்.

"மறுபடி கூண்டுல ஏறி எல்லாத்தையும் சொல்லணும்," என்றாள் ஹேசல், முழுதாகத் திறக்க முடியாத வாயால். "ஒரு வார்த்தைப்பா. அதை விட்டு வெச்சிருந்தீங்கன்னா அவன் உள்ள போயிருப்பான்."

வால்ட்டர் சூப்பை ஆற்றி அவள் பக்கம் நகர்த்தினார்.

சனிக்கிழமை காலை, வால்ட்டர் வீட்டில் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கதவு உடைந்து உள்ளே விழுந்தது. ஸ்டாப்ஸ் நின்றான்.

"உங்க புண்ணியத்துல வெளிய இருக்கேன், மாமா," என்றான். "நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

சொல்லிக்கொண்டே ஹேசலின் அதே தாடையில் குத்தினான். தட்டு உடைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கணப்படுப்பருகே கிடந்த இரும்புக் கம்பியை வால்ட்டர் எடுத்தார். தோளில் ஒன்று, முகத்தில் ஒன்று. அவன் விழுந்த பிறகும் அடித்தார். ஒரு கண் உடைந்து வழிந்த பிறகும் கை நிற்கவில்லை. ஹேசல்தான் வாயில் ரத்தம் ஒழுக அவர் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

முதல் ஆம்புலன்ஸ் அவனை ஏற்றிக்கொண்டு போனது. அடுத்ததற்காக ஹேசல் நாற்காலியில் காத்திருந்தாள். தொங்கிய தாடையை வால்ட்டர் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டிருந்தார். வாசலில் போலீஸ்காரர். போன் அடித்தது. டோரீன்.

"போலீஸ்ல இருந்து சேதி வந்திருச்சு. மதியப் பதிப்பு போயிட்டிருக்கு, வால்ட்டர். உன்னைப் பத்தியும் போட்டாகணும். அடிச்சதா சொல்லப்படும்னுதான் போடுறேன்."

"எனக்கெதுக்கு அது? அடிச்சேன்."

"உனக்கும் உண்டு. சரி, அவன்? நீதான் கண்ணால பார்த்திருக்கே. எப்படிப் போடட்டும்?"

வால்ட்டர் மகளைப் பார்த்தார். அவளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடிச்சதா சொல்லப்படும்னு போடு, டோரீன்," என்றார். "மறந்துடாதே."

ஹேசலின் ரத்தம் அவர் மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.