நவோமிக்கு ஒரு பிடி கம்பளி

மக்கள்தொகைக் கணக்குக்கான குடிமதிப்புத் தாளை வாங்க வந்த பள்ளி வாத்தியார் கோரிங், அடுப்படி மேசையில் உட்கார்ந்து மைக்கூட்டைத் திறந்தார். உள்ளறையில் நவோமியைக் கிடத்தியிருந்தார்கள். காலை ஆறு மணிக்கு மூச்சு நின்றுபோயிருந்தது.

"நேத்து நடுராத்திரி உயிரோட இருந்தாளா?"

"இருந்தா," என்றான் ரூபன்.

"அப்ப கணக்குல உண்டு."

தாளை நேற்று மாலை, அவள் இருமிக்கொண்டிருக்கையில், ரூபன்தான் நிரப்பினான். ரூபன் பெல்லிங், குடும்பத் தலைவன், இருபத்தேழு, ஆடு மேய்ப்பு. நவோமி, மனைவி, இருபத்து நாலு, ஆடு மேய்ப்பு. இரண்டாவது ஆடு மேய்ப்பின்மேல் கோரிங் கோடு கிழித்தார்.

"ஏன் அடிக்கிறீங்க?"

"பொண்டாட்டிக்கு அந்தக் கட்டம் காலியா இருக்கணும்ப்பா. மேய்ப்பன் நீதானே."

மார்ச் தொடக்கத்தில் கிடா முட்டி ரூபனின் முழங்கால் விலகியது. ஆடுகள் குட்டி போடும் ஈற்றுக் காலம் காத்திருக்குமா? முந்நூறு ஆடுகளுக்கும் மேட்டுப் பட்டியில் பேறு பார்த்தவள் நவோமி. அவனுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு, கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, மூன்று வாரம் ஆலங்கட்டியிலும் சேற்றிலும் கிடந்தாள். மூன்று ஞாயிறு கோவிலுக்குப் போகவில்லை. பாதிரியார் ஆளனுப்பிக் கேட்டிருந்தார்.

"பண்ணைக்காரர்கிட்டக் கேளுங்க, குட்டியெல்லாம் யாரு எடுத்ததுன்னு."

"அவர் கூலி கொடுத்தது உன் பேருக்கு."

உடம்பைக் கழுவி முடித்திருந்த பக்கத்து வீட்டு ஹன்னா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நவோமியின் கையில் கம்பளி வைக்கச் சொல்லி அவளிடம் ரூபன் காலையிலேயே கேட்டிருந்தான். இந்த மேட்டில் மேய்ப்பன் செத்தால் கையில் ஒரு பிடி ஆட்டுக் கம்பளி வைத்துப் புதைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏன் கோவிலுக்கு வரவில்லை என்று மேலே கடவுள் கேட்டால் காட்டுவதற்கு.

"பொம்பளைக்கு வச்சு நான் பார்த்ததில்ல தம்பி," என்றாள். "வாத்தியாரே எழுத மாட்டேங்கறார். பாதிரியார் விடுவாரா?"

கோரிங் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தார். "குருடு, செவிடு, புத்தி பேதலிச்சவங்க யாராவது உண்டா?"

"என்னை எழுதுங்க."

"எதுல?"

"குருடுன்னு. மூணு வாரமா இருமினா. எனக்குத் தெரியல."

கோரிங் பேனாவை வைத்துவிட்டார். பிறகு எதுவும் எழுதாமல் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

ரூபன் கத்தரியை எடுத்துக்கொண்டு, ஊன்றுகோலோடு மேட்டில் ஏறினான். வழியில் நான்கு முறை நின்றான். பட்டிக்குள் நுழைந்ததும் ஆடுகள் எதிர்மூலைக்குப் போய் நெருக்கியடித்து நின்றன. கூப்பிட்டான். அவன் வளர்த்த ஆடுகள். ஒன்றும் வரவில்லை. ஊன்றுகோலை வீசலாம்போல் வந்தது. வீசினால் விழுந்துவிடுவான்.

அவளுடைய கோட்டு தடுப்பில் தொங்கியது. அவனுடையதுதான். எடுத்துப் போட்டுக்கொண்டான். மடிப்பைப் பிரிக்கவில்லை. மணிக்கட்டு இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு கிழ ஆடு கூட்டத்தை விட்டு வந்தது. கோட்டின் மடித்த கைக்குள் மூக்கை நுழைத்து முகர்ந்தது. எடுத்துவிட்டு, அடுத்த கையையும் முகர்ந்தது. ஒரு பிடி கம்பளிக்காகக் கத்தரி அதன் முதுகில் இறங்கியபோதும் அது விலகவில்லை. இன்னும் உள்ளே, உள்ளே தேடிக்கொண்டிருந்தது.