மொட்டை மாடியில் ஒருத்தி

ஆளில்லா ட்ரோனும் ஆள் ஏறும் விமானமும் ஒரே வானத்தில் இடிக்காமல் பறக்க முடியுமா என்று பார்க்கும் அரசு ஆய்வில் ரேவதிக்கு ஒரே வேலைதான். சிவப்புப் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு திரையைப் பார்க்க வேண்டும். ஹெலிகாப்டரின் சிக்னல் கிடைத்ததும் ட்ரோன் தானாக விலக வேண்டும். விலகாவிட்டால் அவள் மோட்டாரை நிறுத்த வேண்டும்.

அன்று காலை வெள்ளானூருக்கு மேலே ஐந்து முறை விலகியது. ஆறாவது முறை விலகவில்லை. ஹெலிகாப்டரில் நாலு பேர். ட்ரோனின் கேமராவில் ஒரு மொட்டை மாடி; ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று விநாடி பொறுத்தால் ட்ரோன் மாடியைத் தாண்டிவிடும். அத்தனை நேரம் இல்லை. ரேவதி அழுத்தினாள்.

ஏழு கிலோ எடை. பஞ்சவர்ணம் என்ற அந்தப் பெண்ணின் இடது தோளில் விழுந்து, கை இரண்டு இடத்தில் முறிந்தது.

விபத்து அறிக்கையில் ஒரு கேள்வி: கீழே ஆள் இருப்பது முன்பே தெரிந்ததா?

"கேமராவுல தெளிவா தெரியலன்னு எழுதிடும்மா. வீடியோவே கலங்கலாத்தான இருக்கு" என்றார் குழுத்தலைவர் தினகரன்.

"எனக்குத் தெரிஞ்சுது சார்."

'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்று மதியம் தயிர்சாதம் முழுவதையும் தின்றாள். சாயங்காலம் சேக்காட்டில் இருந்த தன் வீட்டில் அம்மா ஏதோ கேட்டாள். இவளும் ஏதோ சொன்னாள். அந்த வாரமே அவளைத் திரை பார்க்கும் வேலையிலிருந்து எடுத்துக் கோப்பு வேலையில் போட்டார்கள். அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சவர்ணத்தின் வீட்டுக்குப் போனாள். மாவுக்கட்டோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தவளிடம், "பொத்தானை அழுத்துனது நான்தான்க்கா" என்றாள்.

பஞ்சவர்ணம் ஏற இறங்கப் பார்த்தாள். "நா மாடில கீறது தெர்ஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"ஒரு கொரலு குட்த்திருக்கலாமேம்மா."

"நான் அங்க இல்லக்கா. ரெண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு ரூம்ல இருந்தேன்."

"அந்த எலிகாப்டர்ல எத்தினி பேரு?"

"நாலு பேர்."

"அவுங்களுக்குத் தெரிமா?"

"தெரியாது. நேராப் போய் எறங்கிட்டாங்க."

பஞ்சவர்ணம் மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். திட்டுவாள், அழுவாள் என்று ரேவதி காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"கேன் தண்ணி வந்து ரெண்டு நாளாவுது. என்னால தூக்க முட்ல. எடுத்து ஸ்டாண்டுல கவுத்துட்டுப் போ."

ரேவதி உள்ளே போய்க் கேனைத் தூக்கிக் கவிழ்த்தாள். கொஞ்சம் தண்ணீர் சுடிதாரில் கொட்டியது. துடைத்துக்கொள்ளாமல் அப்படியே நின்றாள்.

"ஆச்சா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

"ஆச்சுக்கா" என்றாள்.